வெறும் தட்டைத் திருப்பிக் கொடுக்கலாமா?

கிரில் கதவுக்கு உள்ளே எம்மி தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் அவள் அம்மாவின் கண்ணாடித் தட்டு. மேலே மூடியிருந்த அலுமினியத் தாள் ஓர் ஓரமாகக் கிழிந்திருந்தது. கையில் பாதி முறுக்கு.

மற்றப் பாதி எங்கே? அந்த நேரத்தில் எனக்கு உலகத்தில் வேறு கேள்வியே இல்லை.

நான் ஏழாவது மாடி நடைவழியில் ஒரு காலில் மட்டும் சிலிப்பரோடு நின்றிருந்தேன். இன்னொன்று லிஃப்டுப் பக்கம் எங்கேயோ கழன்று விழுந்திருந்தது. கம்பியைப் பிடித்து ஆட்டினேன். பூட்டியிருந்தது. சாப்பிடாதே என்று சொல்ல வேண்டும். வாயில் வந்ததோ, "நோ! நோ! டோன்ட் மாக்கான்!" பாதி இங்கிலீஷ், பாதி மலாய். அமெரிக்காவிலிருந்து வந்த ஐந்து வயதுப் பிள்ளைக்கு மாக்கான் என்றால் எப்படித் தெரியும்?

அந்தத் தட்டில் முறுக்கோடு கலந்து கிடந்தது கச்சாங். நிலக்கடலை. அந்தப் பிள்ளையின் உடம்புக்கு அது விஷம். அதை அங்கே கொண்டுபோய் வைத்தவன் நான்.

பிள்ளைக்கு என்ன ஆனது என்று இங்கேயே சொல்லிவிடத்தான் எனக்கு ஆசை. நானாக இருந்தால் கடைசிப் பத்தியை முதலில் படித்துவிட்டுத்தான் மூச்சு விடுவேன். ஆனால் தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருக்கும் என் மனைவி பாக்கியம் விடமாட்டேன் என்கிறாள்.

"இப்பவே சொல்லிட்டா அப்புறம் எவன் படிப்பான்? அவங்களுக்கும் கொஞ்சம் நெஞ்சு அடிக்கட்டும் லா. உங்களுக்குத் தினமும் அடிக்குதுல்ல?"

பெட்டிக்குள் வந்த அமெரிக்கா

கிள்ளான் துறைமுகத்தில் நான் கொள்கலன் லோரி ஓட்டிய கதையை இந்தப் பக்கத்தில் இரண்டு வாரமாக எழுதி வந்தேன். அதைப் படித்துவிட்டு ரவாங்கிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "அண்ணே, அமெரிக்காப் பெட்டி எத்தனையோ ஏத்தி எறக்கியிருப்பீங்க. அமெரிக்காவப் பத்தி ஒரு வார்த்தை எழுதலயே?"

பெட்டியை நான் திறந்தா பார்த்தேன்? முத்திரை வைத்த பெட்டி. முத்திரை உடைந்திருக்கிறதா என்று ஒவ்வொரு சமிக்ஞை விளக்கிலும் இறங்கிப் போய்ப் பார்ப்பேன். பின்னால் நிற்பவர்கள் ஹாரன் அடித்துத் திட்டுவார்கள். அவ்வளவுதான் எனக்கும் அந்தப் பெட்டிக்கும்.

எனக்குத் தெரிந்த அமெரிக்கா முதலில் தொலைக்காட்சியில் வந்தது. நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் வரிசையில் ஒரே ஒரு வீட்டில்தான் டிவி. வாரத்தில் ஒருநாள் மல்யுத்தம் போடுவார்கள். வேலை முடிந்து வந்த ஆண்கள் எல்லாரும் வாசல்வரை குந்தியிருந்து பார்ப்பார்கள். சட்டையில்லாத இரண்டு தடியர்கள் ஒருவனை ஒருவன் தூக்கி அடிப்பார்கள். அடிபட்டவன் செத்துவிட்டான் என்று நினைத்து எனக்கு அன்று சோறு இறங்காது. அடுத்த வாரம் அவனே எழுந்து வந்து இன்னொருவனை அடிப்பான். அந்த ஒரு வாரம் நான் பட்ட கவலைக்கு யார் பதில் சொல்வது?

சிரிப்புத் தொடர்களும் வரும். ஒரு வீட்டுக் கூடத்தில் நாலு பேர் பேசிக்கொண்டிருப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத ஐம்பது பேர் சிரிப்பார்கள். அமெரிக்காவில் அண்டை வீட்டார் எல்லாரும் ஜன்னலுக்கு வெளியே நின்று ஒட்டுக்கேட்பார்கள் போலிருக்கிறது என்று பல வருடம் நினைத்திருந்தேன்.

லோரி ஓட்ட ஆரம்பித்த பிறகு வேறு விஷயங்கள் கண்ணில் பட்டன. அவர்களுக்கு எங்கே போனாலும் வாசலுக்கு நேரே காடி நிறுத்த இடம் கிடைக்கும். ஒரு சுற்று சுற்றிப் பார்த்ததாக ஒரு படத்திலும் இல்லை. பாசாரில் வாங்கிய சாமானைக் கைப்பிடியில்லாத காகிதப் பையில் போட்டு நெஞ்சோடு அணைத்து வருவார்கள். அடி பிய்ந்து முட்டை விழுந்தால் என்ன செய்வது என்று கதையை விட்டுவிட்டு அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருப்பேன். தொலைபேசியில் பேசி முடித்தால் "வச்சிடுறேன்" என்று சொல்வதில்லை. பட்டென்று வைத்துவிடுவார்கள். சண்டையோ என்று எனக்குப் பதறும்.

எல்லாவற்றையும்விட என்னைக் கலக்கியது அவர்கள் வீட்டு வாசல். கிரில் இல்லை. பூட்டு இல்லை. மரக்கதவு ஒன்று, அதுவும் யார் தள்ளினாலும் திறக்கும். யாராவது பொட்டலம் கொண்டு வந்தால் வாசற்படியில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். அது அங்கேயே கிடக்கும். கிள்ளானில் எங்கள் வீட்டு கிரில்லுக்கு மூன்று பூட்டு. பாக்கியம் அதை சிறைச்சாலை என்பாள்.

நான் ஆறாம் வகுப்புக்கு அடுத்து வரும் புகுமுக வகுப்பிலேயே பள்ளிக்கூடத்தை விட்டவன். லோரியில் கெலிண்டானாக, அதாவது ஓட்டுநரின் கையாளாக ஏறி, பிறகு ஓட்டுநரானவன். இங்கிலீஷ் காதில் விழும், புரியும், நாக்கில் வராது. அதனால் அமெரிக்காவைப் பற்றி எனக்கு எவ்வளவோ அபிப்பிராயம் இருந்தும் ஓர் அமெரிக்கரிடம்கூடச் சொன்னதில்லை. அதற்கு அவசியம் வரும் என்றும் நினைக்கவில்லை.

ஏழாவது மாடிக்கு அமெரிக்கா வந்தது

எங்கள் மகள் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகுமுன் பிரிக்பீல்ட்ஸில் ஓர் அடுக்குமாடி வீடு வாங்கியிருந்தாள். சில வருடங்களுக்கு முன் கிள்ளானை விட்டு நானும் பாக்கியமும் அங்கே குடிவந்தோம். அடுத்த வருடமே பக்கத்து வீட்டுக்கு அமெரிக்காக்காரி ஜென்னி வந்தாள். பங்சார் பக்கம் ஏதோ அலுவலகத்தில் வேலை. கணவருக்குப் பாதி நாள் வெளிநாட்டுப் பயணம். பெரும்பாலும் ஜென்னியும் மகள் எம்மியும் மட்டும்தான் இருப்பார்கள்.

முதல்முறை லிஃப்டில் பார்த்து, "ஹவ் ஆர் யூ, அங்கிள்?" என்றாள். அங்கிள் என்று கூப்பிடுவதை வந்த ஒரு வாரத்துக்குள் பழகியிருந்தாள். அமெரிக்கர்கள் இதைச் சும்மா கேட்பார்கள், பதிலுக்கு நிற்கமாட்டார்கள் என்று என் மகள் சொல்லியிருக்கிறாள். நம்மவர்கள் "பசியாறியாச்சா?" என்று கேட்பதில்லையா, அதுமாதிரி. ஆனாலும் கேட்டுவிட்டாளே என்று என் முட்டிவலியைக் கையால் காட்டிச் சொன்னேன். ஏழாவது மாடி வந்தது. அவள் இறங்கி, கதவு மூடாமல் கையை வைத்துக்கொண்டு, கடைசிவரை கேட்டாள். மறுநாள் பார்த்தபோது, "எந்த முட்டி? இடதா?" என்று கேட்டாள். என் சொந்தத் தம்பிக்கு எது என்று இன்றுவரை தெரியாது.

பிள்ளையிடம் அவள் பேசுகிற விதம் பாக்கியத்துக்குப் பெரிய வேடிக்கை. சப்பாத்தைக் காலில் போடு என்று சொல்லமாட்டாள். "சப்பாத்தை இப்போது போட்டுக்கொள்கிறாயா, தண்ணீர் குடித்துவிட்டுப் போட்டுக்கொள்கிறாயா?" என்று கேட்பாள். பிள்ளை படியிறங்கினால் "குட் ஜோப்!" லிஃப்டு பொத்தானை அமுக்கினால் "குட் ஜோப்!"

"படி எறங்குனதுக்கெல்லாம் ஒரு பாராட்டா? அப்ப நான் முப்பத்தஞ்சு வருசமா உங்களுக்குச் சமைச்சதுக்கு ஊர்வலமே விடணும்" என்பாள் பாக்கியம்.

வெளியே மழை கொட்டினாலும் தண்ணீரில் ஐஸ் போட்டுக் குடிப்பார்கள். தொலைபேசியில் அவள் தன் அம்மாவிடம் பேசும்போது முடிவில் "ஐ லவ் யூ" சொல்லாமல் வைக்கமாட்டாள். படங்களில் நான் பார்த்ததற்கு நேர்மாறு. எம்மியின் இடுப்பில் எப்போதும் ஒரு சிவப்புப் பை இருக்கும். நீச்சல் குளத்துக்குப் போனாலும் அவள் அம்மா அதைக் கையில் பிடித்துக்கொண்டு குளத்தோரம் நிற்பாள். இந்த வயதிலேயே பிள்ளைக்குக் காசுப்பையா என்று நினைத்தேன்.

அது காசுப்பை இல்லை என்று அந்த மாடியில் என்னைத் தவிர எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

அலமாரி மேல் இருந்த தட்டு

ஜென்னி ஒருநாள் வாழைப்பழ கேக் செய்து, கனமான நீளக் கண்ணாடித் தட்டோடு கொண்டு வந்து கொடுத்தாள். கேக் நன்றாக இருந்தது. தட்டு அவளுடைய அம்மா கொடுத்தது என்றும் சொன்னாள். அதைக் கேட்டிருக்க வேண்டாம். கேட்டதிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று. கழுவும்போது வழுக்கினால்? பல்லி ஓடி மேலேயிருந்து ஏதாவது விழுந்தால்? துண்டில் சுற்றி அலமாரி மேல் வைத்தேன். பிறகு அலமாரி ஆடுகிறதா என்று தினமும் பார்த்தேன்.

உடனே திருப்பிக் கொடுக்கவும் முடியாது. பக்கத்து வீட்டுப் பாத்திரத்தை வெறுமனே கொடுப்பதில்லை. பாக்கியம் ஏதாவது பலகாரம் செய்து வைத்துக் கொடுப்பதாகச் சொன்னாள். அதற்குள் கிள்ளானில் அவள் அக்காவுக்குக் கண் அறுவை சிகிச்சை. கூட இருக்கப் போய்விட்டாள். இரண்டு வாரமாகத் தட்டு அலமாரி மேலேயே இருந்தது.

தொலைபேசியில் கேட்டேன். "சும்மா கழுவிக் கொடுத்துறவா?"

"வெறுந்தட்டா? மானத்த வாங்காதீங்க. ஒண்ணுமில்லேன்னா ரெண்டு கரண்டி சீனியாச்சும் போட்டுக் கொடுங்க."

சீனியை எப்படிக் கொடுப்பது? அதை வாங்கிக்கொண்டு ஓர் அமெரிக்காக்காரி என்ன நினைப்பாள்? உன் கேக்கில் இனிப்புப் போதவில்லை என்று சொல்வதாக நினைத்தால்? படுத்தபடியே இதை யோசித்தேன். பிறகு ஒரு யோசனை வந்தது. படங்களில் அவர்கள் சோபாவில் உட்கார்ந்து கிண்ணத்தில் எதையாவது அள்ளி அள்ளிக் கொறித்துக்கொண்டே டிவி பார்ப்பார்கள். அப்படியென்றால் நம்மிடம் அதைவிட நல்லதே இருக்கிறது.

சனிக்கிழமை காலை கீழே இறங்கினேன். கடைகளுக்கு முன்னால் உள்ள ஐந்தடி நடைபாதையில் கச்சாங் பூத்தே விற்கும் தம்பியிடம் போனேன். வறுத்த கடலை, பட்டாணி, முறுக்கு என்று இருபது வகை வைத்திருப்பான்.

"அங்கிள், எது போடட்டும்?"

"வெள்ளக்காரங்களுக்கு. ஒறப்பு கம்மியா."

"அப்ப முறுக்கும் கச்சாங்கும் கலந்து போடுறேன். ஒறப்பே இல்ல. சின்னப் புள்ளகூட திங்கும்."

இந்தக் கடைசி வாக்கியம் எனக்கு இன்னும் கனவில் கேட்கும்.

தட்டு நிறையப் பரப்பி, அலுமினியத் தாளால் இறுக்கி மூடி, அவர்கள் வீட்டு மணியை அடித்தேன். ஆளில்லை. நேரில் கொடுத்தால் இங்கிலீஷில் நாலு வார்த்தை சொல்ல வேண்டும். அதற்காகவே மனதுக்குள் ஒத்திகை பார்த்திருந்தேன். ஆளில்லாதது உண்மையில் எனக்கு நிம்மதியாக இருந்தது. அமெரிக்காவில் வாசலில் வைத்துவிட்டுத்தானே போகிறார்கள்? கிரில்லுக்கு வெளியே இருந்த சப்பாத்து அலமாரி மேல் வைத்தேன். யாராவது எடுத்துவிடுவார்களோ என்று இரண்டு தடவை கதவைத் திறந்து பார்த்தேன். பிறகு தே குடிக்கக் கீழே போனேன்.

நேரில் கொடுத்திருந்தால் அவள் தாளைத் தூக்கிப் பார்த்திருப்பாள், இதில் என்ன இருக்கிறது என்று கேட்டிருப்பாள். அதோடு முடிந்திருக்கும்.

எல்லாருக்கும் தெரிந்தது

ஒட்டுக்கடையில் தே ஆறிக்கொண்டிருந்தபோது பாக்கியம் கூப்பிட்டாள்.

"தட்டக் கொடுத்துட்டீங்களா?"

"கொடுத்தாச்சு. வாசல்ல வச்சேன்."

"சீனிதானே?"

"சீனி என்ன சீனி, நல்லா முறுக்கும் கச்சாங்கும் வாங்கி…"

அவள் கத்தியது பக்கத்து மேசைவரை கேட்டிருக்கும். "ஐயோ! ஓடுங்க! அந்தப் புள்ளைக்குக் கச்சாங் ஆகாதுங்க! தொண்ட அடைச்சிரும்! மூச்சு நின்னுரும்னு ஜென்னி என்கிட்ட சொல்லிருக்கு! ஓடுங்க, போன வச்சிட்டு ஓடுங்க!"

ஓடினேன். லிஃப்டு மூன்றாவது மாடியில் நின்றது. ஒரு சீனப் பாட்டி ஏறினார். ஐந்தில் இறங்கினார். அந்த இரண்டு மாடிக்கு ஆன நேரத்தை என்னால் எழுத முடியாது.

அலமாரி மேல் தட்டு இல்லை. மரக்கதவு திறந்திருந்தது. அங்கேதான், ஆரம்பத்தில் சொன்னேனே, எம்மி பாதி முறுக்கோடு உட்கார்ந்திருந்தாள்.

நடந்ததைப் பிறகு ஜென்னி சொன்னாள். அம்மாவும் மகளும் நீச்சல் குளத்திலிருந்து வந்தார்கள். ஜென்னியின் இரண்டு கையிலும் ஈரத்துணிப் பைகள். அலமாரி மேல் தன் தட்டைப் பார்த்தாள். அவள் ஊரில் பக்கத்து வீட்டிலிருந்து திரும்பி வரும் தட்டு கழுவித் துடைத்த வெறும் தட்டுதான். தூசி படாமல் மூடியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். "பத்திரமாக உள்ளே கொண்டுபோ" என்று பிள்ளையிடம் கொடுத்துவிட்டுத் தலை கழுவப் போனாள். பிள்ளைக்கோ, அம்மாவின் தட்டில் வருவதெல்லாம் அம்மா செய்தது. அம்மா செய்ததைத் தின்னலாம். அப்படித்தான் அவளுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள்.

காலைப் பிடித்தவன்

நான் கத்தியதில் ஜென்னி சொட்டச் சொட்ட ஈரத்தலையோடு ஓடிவந்தாள். தட்டைப் பார்த்தாள். பிள்ளையின் வாயைப் பார்த்தாள். முதலில் கிரில்லைத் திறந்து என்னை உள்ளே விட்டாள். எவ்வளவு தின்றாய் என்று மெதுவாகக் கேட்டாள். திட்டுகிறார்கள் என்று நினைத்த பிள்ளை வாயை இறுக்கி மூடிக்கொண்டது.

பிறகு எம்மி இருமினாள். ஒருமுறை. மறுபடி. கழுத்தில் சிவப்பாகத் தடிப்புகள் எழும்பின. என் கண் முன்னாலேயே மேலுதடு வீங்கியது.

ஜென்னி சிவப்புப் பையைத் திறந்தாள். உள்ளே தடித்த பேனா மாதிரி ஓர் ஊசி.

"அங்கிள், காலைப் பிடியுங்கள். இரண்டு கையாலும். விடாதீர்கள்."

எனக்கு ரத்தப் பரிசோதனைக்கு ஊசி போட்டாலே தலை சுற்றும். பாக்கியம் பக்கத்தில் நின்று என் கண்ணை மூடுவாள். அன்று அந்தப் பிள்ளையின் முட்டிக்கு மேலும் கீழும் பிடித்தேன். ஜென்னி அந்தப் பேனாவைத் தொடையில் அழுத்தி, நிதானமாக எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று. பிள்ளையின் தொடைத்தசை என் உள்ளங்கைக்குள் துடித்தது. எடுத்ததும் ஜென்னி பிள்ளையின் நெற்றியில் முத்தமிட்டுச் சொன்னாள்: "குட் ஜோப், பேபி. குட் ஜோப்."

அதைக் கேட்டு நான் இனி ஆயுளுக்கும் சிரிக்கமாட்டேன்.

ஆம்புலன்ஸ் எண் கேட்டாள். காடியில் போனால் சீக்கிரம் என்றேன். முப்பது வருடம் ஓட்டியவனுக்கு அது ஒன்றுதான் தெரியும். சனிக்கிழமை பிரிக்பீல்ட்ஸ் நெரிசலுக்குள் போகாமல் பின்சந்தில் நுழைந்தேன். வாசல் காவலுக்கு இருக்கும் ஜாகா என் முகத்தைப் பார்த்தே தடுப்புக் கம்பத்தைத் தூக்கிவிட்டார். பின்னிருக்கையிலிருந்து ஜென்னி, "எத்தனை நிமிடம், அங்கிள்?" என்றாள். "எய்ட்" என்றேன். நம்மூரில் இதற்கெல்லாம் "கிட்ட வந்தாச்சு" என்பார்கள். அவளுக்குக் கணக்கு வேண்டும். செவன், சிக்ஸ் என்று நான் சொல்லிக்கொண்டே ஓட்டினேன். ஃபோர் என்றபோது எம்மி, "மை லெக் ஹர்ட்ஸ்" என்றாள். குரல் தெளிவாக வந்தது. கண்ணாடியில் பார்த்தேன். ஜென்னி அப்போதுதான் அழ ஆரம்பித்திருந்தாள்.

பிள்ளை பிழைத்துக்கொண்டது. மருந்தில் ஒருதடவை அடங்கினாலும் மறுபடி வரக்கூடும் என்று மாலைவரை படுக்கையில் வைத்துப் பார்த்தார்கள். வரவில்லை.

முடிந்தபின் வரும் செய்திகள்

ஆஸ்பத்திரி நடைவழியில் நின்று பாக்கியத்தைக் கூப்பிட்டேன். பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்றதும் அவள் குலுங்கி அழுதாள். அழுகை நின்றதும் கேட்டேன்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"அவங்க குடிவந்தப்பவே சொல்லுச்சு."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீங்க தூங்குவீங்களா? அந்தப் புள்ள தும்முனாக்கூட போய்க் கதவத் தட்டுவீங்க. உங்களுக்காகத்தாங்க சொல்லல."

எனக்குக் கோபம் வந்தது. பிறகு அது நியாயமில்லை என்றும் தோன்றியது. மகளுக்குச் சிங்கப்பூரில் டிங்கி காய்ச்சல் வந்தது, அது விட்டபிறகுதான் எனக்குத் தெரியும். தம்பிக்கு இருதயத்தில் குழாய் வைத்ததை அவன் எங்கள் வீட்டுக்கு வந்து பசியாறும்போது சொன்னான். எல்லாம் முடிந்தபின் வரும் செய்திகள்தான் எனக்கு வரும். என்மேல் உள்ள அன்பினால்தான் என்று தெரியும். ஆனால் வாழ்நாளெல்லாம் தேவையில்லாததற்கெல்லாம் பதறியவனுக்கு, பதற வேண்டிய ஒன்றே ஒன்றை யாரும் சொல்லவில்லையே.

ஜென்னி இரண்டு காகிதக் கோப்பையில் கோப்பி வாங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் பேசியதை எனக்குப் புரிந்த தமிழில் எழுதுகிறேன்.

"சோரி" என்றேன். "வெரி சோரி. வெரி, வெரி…"

"அங்கிள், நான் தலை கழுவிக்கொண்டிருந்தேன். தண்ணீர்ச் சத்தத்தில் எதுவும் கேட்காது. நீங்கள் கதவை உடைப்பது மாதிரி ஆட்டாவிட்டால் இன்னும் பத்து நிமிடம் கழித்துத்தான் வெளியே வந்திருப்பேன்." ஒரு கோப்பையை என் கையில் வைத்தாள். "உங்கள்மேல் தப்பில்லை."

நம்மவர்களாக இருந்தால் இதைச் சொல்லமாட்டோம். ஒரு மாதம் முகம் பார்க்காமல் இருப்போம். பிறகு தீபாவளிக்குப் பலகாரம் கொடுத்தனுப்புவோம். அதுதான் மன்னிப்பு என்று வாங்குகிறவர் புரிந்துகொள்ள வேண்டும். அவள் என் முகத்தைப் பார்த்து, உங்கள்மேல் தப்பில்லை என்று வார்த்தையாகச் சொன்னாள். படங்களில் அமெரிக்கர்கள் எதற்கெடுத்தாலும் உட்கார்ந்து மனதைத் திறந்து பேசும்போது நான் தே கலக்கப் போய்விடுவேன். அன்று எழுந்து போக எனக்கு மனமில்லை.

"உங்களுக்கு ஏன் தெரியாமல் போயிற்று? நான் ஆன்டியிடம் சொன்னேனே" என்றாள்.

எப்படிச் சொல்வது? நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். "ஐ வொர்ரி. டூ மச். சோ, நோபடி டெல்."

அவள் சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "நானும் அப்படித்தான். அதற்காக டாக்டரிடம் போகிறேன்."

"கவலைக்கா? டாக்டரா?"

"ஆமாம். வாரம் ஒருமுறை பேசுவேன்."

அறுபது வயதுக்குமேல் எனக்கு அது புதுச் செய்தி. எனக்கு எல்லாரும் கொடுத்த மருந்து ஒன்றுதான்: "சும்மா இருங்க."

இரண்டாவது தடவை

அடுத்த வாரம் பாக்கியம் கிள்ளானிலிருந்து வந்ததும் முதலில் ஜென்னி வீட்டுக்குப் போய் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அன்று மாலை ஜென்னி எங்கள் வீட்டுக்கு இரண்டு ஊசிப் பேனாவோடு வந்தாள். ஒன்று நிஜம். இன்னொன்று பழகிப் பார்க்க, முள் இல்லாதது. நிஜத்தை எங்கள் வீட்டில் வைக்க வேண்டும், நான் பழகிக்கொள்ள வேண்டும் என்றாள்.

"பாக்கியம் தைரியசாலி. அவகிட்ட கொடு" என்றேன்.

"ஆன்டி பயப்படமாட்டார். பயப்படுகிற ஆள்தான் எனக்கு வேண்டும்" என்றாள்.

என் தொடையிலேயே அழுத்திப் பழகினேன். பிறகு கேட்க ஆரம்பித்தேன். இதை வெயிலில் வைக்கலாமா? ஐஸ் பெட்டியில்? காலாவதித் தேதி எங்கே போட்டிருக்கிறது? ஓர் ஊசி போதாவிட்டால்? பிள்ளை உதறினால்? லிஃப்டு கெட்டுப்போயிருந்தால் ஏழு மாடியை எப்படி இறக்குவது? ஜென்னி ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். லிஃப்டுக் கேள்வி வந்ததும் கைப்பேசியை எடுத்துக் குறித்துக்கொண்டாள்.

"என் கணவர் இரண்டு கேள்விக்குமேல் கேட்கமாட்டார்" என்றாள். "இன்னும் கேளுங்கள்."

சமையற்கட்டிலிருந்து பாக்கியம் தலையை நீட்டினாள். "நல்லா சேந்தீங்கடா சாமி, ரெண்டு பேரும். இனி இந்த மாடியில எவனும் தூங்க முடியாது."

எம்மி என்னிடம் ஒரு மாதம் வரவில்லை. என்னைப் பார்த்தால் தொடையைப் பிடித்துக்கொண்டு அம்மாவின் பின்னால் ஒளிவாள். அது நியாயம்தான். ஒருநாள் சாயங்காலம் அவளாகவே எங்கள் கிரில்லுக்கு வெளியே வந்து நின்றாள். பள்ளியில் யாருடைய பிறந்தநாளுக்கோ கொடுத்த பிஸ்கட் பொட்டலம் கையில். அம்மா தொலைபேசியில் இருக்கிறாள் போல. கம்பி வழியாக நீட்டினாள்.

"அங்கிள், கேன்?" இதைத் தின்னலாமா என்று கேட்கிறாள்.

மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டேன். பொட்டலத்தின் பின்னால் எறும்பு மாதிரி எழுத்து. மலாயில் ஒருமுறை படித்தேன். இங்கிலீஷில் எழுத்துக் கூட்டி ஒருமுறை படித்தேன். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் ஓரத்தில் மடிந்திருந்த இடத்தையும் பிரித்துப் படித்தேன். அவள் அசையாமல் நின்றாள். கதவைத் திறந்து வெளியே போய், ஜென்னியிடம் காட்டி, அவள் தலையசைத்தபின் திருப்பிக் கொடுத்தேன்.

"கேன்" என்றேன்.

இப்போது அவளுக்கு ஏழு வயது. அவளே படிக்கிறாள், அம்மாவிடமும் காட்டுகிறாள். இருந்தாலும் வாரத்தில் இரண்டு மூன்று நாள் ஏதாவது பொட்டலத்தோடு எங்கள் கதவுக்கு வருகிறாள். நான் படித்துவிட்டு "கேன்" என்கிறேன். அவள் பொட்டலத்தைப் பிரிப்பதில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். நான் மறுபடி ஒருதடவை முழுக்கப் படித்து, இரண்டாவது முறையாகச் சொன்ன பிறகுதான் பிரிக்கிறாள்.